அண்ணல் உடுத்த ஆடை

1927ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள். புதுக்கோட்டை அந்நாளில் தொண்டைமான் மரபினர் ஆண்டுவந்த தனியரசு. ஆங்கிலேயர் நேராக ஆண்ட பரந்த நிலத்தின் நடுவே அது ஒரு சிறு தீவுபோல் விளங்கியது. ஏரிகளும் கண்மாய்களும் மிகுதியாக இருந்தும், அவ்வூர்கள் வானத்தை நோக்கியே வாழ்ந்தன. மழை பெய்தால் ஓர் அறுவடை; பொய்த்தால் கைக்கு வேலையற்ற நீண்ட கோடை. அந்நாட்டுக்குத் திருச்சிராப்பள்ளியிலிருந்து முதியவர் ஒருவர் வந்து சேர்ந்தார். அவருக்கு ஐம்பத்தெட்டு வயது நிறையும் தறுவாய். அவ்வாண்டின் முற்பகுதியில் இரத்த அழுத்த நோய் அவரைப் படுக்கையில் வீழ்த்தியிருந்தது. நந்தி மலையிலும் பெங்களூரிலும் சில திங்கள் ஓய்ந்திருந்து, உடல் சற்றே தேறியதும் தமிழ்நாட்டுப் பயணத்தைத் தொடங்கிவிட்டார். இடுப்பில் முழங்கால் அளவு ஒரு துண்டு, தோளில் ஒரு போர்வை, காலில் செருப்பு. அவர் உடைமை அவ்வளவே. கதர்ப் பணிக்கு நிதி திரட்டுவதே அவர் வந்த நோக்கம். அவர்தாம் மோகனதாசு கரம்சந்து காந்தி.

அந்தத் துண்டை உடுத்தும் நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்துவிடவில்லை. ஏறத்தாழ முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட நெடும்பயணம் அது.

காந்தியடிகள் 1869ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் கத்தியவார்ப் பகுதியைச் சேர்ந்த போர்பந்தரில் பிறந்தார். 1888ஆம் ஆண்டு சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். கப்பலிலிருந்து இறங்கும்போது உடுத்துவதற்கென்றே வெள்ளைக் கம்பளி உடை ஒன்றைப் பத்திரமாக வைத்திருந்தார். சௌதாம்ப்டன் துறைமுகத்தில் இறங்கியபோதோ, செப்டம்பர் இறுதிக் குளிரில் அவ்வாறு வெள்ளை உடுத்தியிருந்தவர் அவர் ஒருவரே. பெட்டிகள் வேறிடத்தில் இருந்தமையால் மாற்றுடையும் கிடைக்கவில்லை. அன்று அடைந்த நாணம் அவரை வேறு திசையில் செலுத்தியது. ஆங்கிலேயக் கனவான் ஆகிவிட வேண்டும் என்று துணிந்தார். இலண்டனில் செல்வர் உடை தைக்கும் பாண்டுத் தெருவில் பத்துப் பவுன் கொடுத்து மாலையுடை தைத்துக்கொண்டார். பத்தொன்பது ஷில்லிங்குக்கு உயர்ந்த தொப்பி வாங்கினார். தமையனார்க்கு எழுதி, இரட்டைச் சரடுள்ள பொற்சங்கிலி ஒன்றைக் கடிகாரத்துக்கு வரவழைத்தார். பெரிய கண்ணாடியின் முன் நின்று டை கட்டவும் தலை வாரவும் நாள்தோறும் பத்து நிமிடம் செலவிட்டார். நடனமும் வயலினும் பயிலத் தலைப்பட்டார். இந்த மயக்கம் ஏறத்தாழ மூன்று திங்கள் நீடித்தது. பிறகு தெளிந்தார். ஊரில் தமையனார் படும் பாடு அவர் நினைவுக்கு வந்தது. தம் செலவுக்கான பணம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலானார். ஆயினும் உடையில் ஒழுங்கும் தூய்மையும் வேண்டும் என்னும் பழக்கத்தை அவர் என்றும் விட்டாரல்லர். பின்னாளில் உடுத்த துண்டும் மாசற்ற வெண்மையோடுதான் இருந்தது.

1893ஆம் ஆண்டு ஒரு வழக்கின் பொருட்டுத் தென்னாப்பிரிக்கா சென்றார். தர்பன் நகர நீதிமன்றத்தில் தலைப்பாகையுடன் அமர்ந்திருந்தவரை, அதைக் களையும்படி நீதிபதி பணித்தார். அவர் களைய மறுத்து வெளியேறினார். துணி என்பது உடலை மூடுவது மட்டுமன்று, மனிதனுடைய மதிப்போடும் பிணைந்தது என்பதை அவர் உணர்ந்தது அன்றுதான் எனலாம். அடுத்த ஆண்டே அவ்வுணர்வைக் கூர்மையாக்கிய நிகழ்ச்சி ஒன்று நேர்ந்தது. பாலசுந்தரம் என்னும் தமிழர், ஒப்பந்தக் கூலியாகத் தர்பனில் உழைத்து வந்தவர், முதலாளியிடம் அடிபட்டு, முன்பற்கள் உடைந்து, குருதி வழிய அவரிடம் வந்து நின்றார். நின்றவர் தம் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்திருந்தார். வெள்ளையர் முன்னிலையில் கூலிகள் தலைத்துணியைக் களைதல் வேண்டும் என்பது அங்கு வழக்கமாகியிருந்தது. வழக்கறிஞரிடமும் அவ்வாறே நிற்க வேண்டும் என்று அவர் எண்ணிவிட்டார். காந்தியடிகளின் உள்ளம் நொந்தது. துண்டை மீண்டும் தலையில் கட்டிக்கொள்ளச் சொன்னார். அவர் தயங்கித் தயங்கிக் கட்டிக்கொண்டபோது முகத்தில் தோன்றிய மகிழ்ச்சியையும் கண்டார். மருத்துவரிடம் அனுப்பி, வழக்காடி, வேறு முதலாளியிடம் மாற்றிக் கொடுத்தார். இச்செய்தி கூலிகளிடையே பரவிற்று. சென்னை மாநிலத்து ஊர்களுக்கும் எட்டிற்று.

அந்நாட்டிலேயே அவர் தம் துணிகளைத் தாமே வெளுக்கவும் கற்றார். சலவைச் செலவு மிகுந்ததோடு, துணிகள் குறித்த நாளில் வருவதுமில்லை. அதற்கெனவே ஒரு நூலை வாங்கிப் படித்தார். முதன்முதலில் கஞ்சியிட்ட காலர் சரிவர உலராமல், நீதிமன்றத்தில் கஞ்சி சொட்டச் சொட்ட நின்றதைக் கண்டு மற்ற வழக்கறிஞர்கள் நகைத்தனர். அவரும் உடன் நகைத்தார். இது சிறு செய்தியாகத் தோன்றலாம். ஆனால் உடுத்தும் துணியைத் தன் கையாலேயே பேணத் தெரிந்தவனுக்கு அதன் உழைப்பும் விலையும் விளங்கிவிடுகின்றன.

1913ஆம் ஆண்டு தென்னாப்பிரிக்க இந்தியர் நடத்திய போராட்டத்தில் சுரங்கக் கூலிகளும் கரும்புத் தோட்டக் கூலிகளும் ஆயிரக்கணக்கில் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுள் தமிழர் மிகப் பலர். துப்பாக்கிச் சூட்டில் சிலர் மாண்டனர். அவ்வாண்டின் இறுதியில் சிறையிலிருந்து வெளிவந்த காந்தியடிகள், பாரிஸ்டர் உடையைத் துறந்து, ஒப்பந்தக் கூலிகளைப் போலக் கைலியும் சட்டையும் அணிந்து, மீசையை மழித்து, வெறுங்காலுடன் தர்பன் கூட்டத்தில் தோன்றினார். இறந்தோர்க்காகத் துக்கம் காத்த கோலம் அது. மதுரையில் பின்னர் நிகழ்ந்த மாற்றத்தின் விதை, இத்தமிழ்க் கூலிகளின் குருதியில் விழுந்தது என்றால் மிகையாகாது.

1915ஆம் ஆண்டு சனவரி 9ஆம் நாள் பம்பாயில் வந்திறங்கியபோது அவர் கத்தியவார் முறைப்படி நீண்ட அங்கியும் வேட்டியும் தலைப்பாகையும் அணிந்திருந்தார். மூன்றாம் வகுப்புப் புகைவண்டியில் ஏறிப் பயணம் செய்யத் தொடங்கியதும், அங்கியும் பெரிய தலைப்பாகையும் இடையூறாயின. அவற்றைக் களைந்து, சட்டை, வேட்டி, சில அணா விலையுள்ள குல்லாய் என்ற அளவில் நிறுத்திக்கொண்டார்.

1917ஆம் ஆண்டு பீகாரின் சம்பாரணுக்குச் சென்றார். அவுரிச் சாகுபடியால் நலிந்த உழவர்களின் குறைகளை ஆராயவே சென்றிருந்தார். அவுரி, துணிக்கு நீலச் சாயம் தரும் செடி. உலகத்தின் உடைக்கு நிறம் கொடுத்த உழவர்கள் உடையின்றி இருந்ததை அவர் அங்கே நேரில் கண்டார். ஒரு சிற்றூரில் பெண்கள் அழுக்கு ஆடையுடன் இருப்பதைப் பார்த்து, அவர்களைத் துவைத்து உடுத்துமாறு சொல்லும்படி கஸ்தூரிபாய் அம்மையாரிடம் கூறினார். அம்மையார் சென்று வினவியபோது, ஒருத்தி அவரைத் தன் குடிசைக்குள் அழைத்துச் சென்றாள். பெட்டியோ பேழையோ அங்கு இல்லை. உடுத்தியிருந்த புடைவையன்றி வேறு புடைவை தனக்கில்லை என்றும், இன்னொன்று கிடைத்தால் நாள்தோறும் குளித்துத் தூய்மையாக உடுப்பதாகவும் அவள் சொன்னாள். அறிவுரை கூறச் சென்றவர்களுக்கு அந்தக் குடிசை அறிவுரை கூறிவிட்டது.

கைத்தறியும் இராட்டையுமே ஏழ்மைக்கு மருந்து என்று அவர் 1909ஆம் ஆண்டளவிலேயே எண்ணியிருந்தார். வியப்பு என்னவெனில், அப்போது அவர் இராட்டையைக் கண்ணாலும் கண்டதில்லை. சபர்மதி ஆசிரமத்தில் தறிகள் வந்தபின்னும் நூல் ஆலையிலிருந்தே வந்தது. பல காலம் தேடியபின், கங்காபென் மசூம்தார் என்னும் அம்மையார் பரோடா அரசைச் சேர்ந்த விஜாப்பூரில், வீட்டுப் பரண்களில் கிடந்த இராட்டைகளைக் கண்டுபிடித்தார். பஞ்சைக் கொட்டை நீக்கி, அடித்து, பட்டையாக்கி, நூற்று, சிட்டமிட்டு, பாவு ஓட்டி நெய்வது வரை எல்லாமே மீண்டும் கற்க வேண்டியதாயிற்று. ஆசிரமத்தில் முதன்முதல் நெய்த கதர் கஜம் ஒன்றுக்கு 17 அணா அடங்கிற்று. அகலமும் முப்பது அங்குலந்தான். ஒரு திங்களுக்குள் நாற்பத்தைந்து அங்குல அகலத்தில் வேட்டி நெய்து தராவிட்டால், கிடைத்த குறுந்துணியையே உடுத்துவதாக அவர் கங்காபென்னுக்கு அறிவித்தார். அம்மையாரும் விடாமல் முயன்று குறித்த காலத்துக்குள் வேட்டியை நெய்வித்துக் கொடுத்தார். தறியின் அகலமே உடையின் அளவைத் தீர்மானித்த காலம் அது.

ஒத்துழையாமை இயக்கத்தின்போது, 1921ஆம் ஆண்டு சூலை 31ஆம் நாள் பம்பாயின் பரேல் பகுதியில் அந்நியத் துணிகள் மலைபோல் குவிக்கப்பட்டு எரிக்கப்பட்டன. இதனை அனைவரும் ஏற்றனரல்லர். ஆடையற்ற மக்கள் நிறைந்த நாட்டில் துணியை எரிப்பது தகுமா என்று தாகூர் போன்ற பெரியோர் வினவினர். வினா நியாயமானது. தம் மக்களின் தொழிலை அழித்து வந்த துணியை ஏழைகட்குக் கொடுப்பது, தாம் வேண்டாம் என்று எறிந்த இழிவை அவர்கள்மீது ஏற்றுவதாகும் என்பது காந்தியடிகளின் கருத்து. எனினும் இன்னொரு வினாவுக்கு அவரிடம் விடை இல்லை. எரித்தபின் ஏழை எதனை உடுத்துவான்?

அவ்வினா அவரை வங்காளத்திலிருந்து சென்னை வரை தொடர்ந்து வந்தது. வழியில் வால்டேரில் அவருடைய தோழர் முகமது அலி கைது செய்யப்பட்டார். சென்னையிலிருந்து மதுரைக்குப் புகைவண்டியில் வருகையில், அந்நியத் துணி உடுத்திய மக்களைக் கண்டு கதர் உடுக்கும்படி வேண்டினார். அதன் விலைக்குத் தாங்கள் எங்கே போவது என்று அவர்கள் தலையசைத்தனர். அவரோ அப்போது முழு வேட்டியும் சட்டையும் குல்லாயும் அணிந்திருந்தார். வாங்க இயலாதவனிடம் வாங்கச் சொல்லும் தம் உடலில் இத்தனை கஜம் துணி எதற்கு என்னும் எண்ணம் இரவெல்லாம் அவரை உறுத்தியது.

1921 செப்டம்பர் 22ஆம் நாள் காலை, மதுரை மேலமாசி வீதியில் தாம் தங்கியிருந்த இல்லத்தில், வேட்டியைச் சுருக்கி முழங்கால் அளவு கட்டிக்கொண்டார். சட்டையும் குல்லாயும் நீங்கின. குளிருக்கும் மழைக்கும் ஒரு போர்வை போதும் என்று கொண்டார். உடன் வந்த நண்பர்களுள் சிலர் கலங்கினர். மக்கள் இதனைப் பித்தென்று எண்ணுவார்களோ என்று அஞ்சினர். மற்றவர் எல்லாரும் தம்மைப்போல் உடுக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. கதர் போதாவிடில் சிறு துண்டே போதும் என்று ஏழை நாணாமல் இருக்க வேண்டும். அதற்குத் தாமே முதலில் வழிகாட்ட வேண்டும் என்றே கருதினார். அவ்வாண்டு அக்டோபர் இறுதி வரை என்றே காலம் குறித்திருந்தார். குறித்த நாள் வந்தது, கடந்தது. ஆடை மாறவில்லை. அக்கோலத்தில் அவர் முதன்முதல் மக்கள்முன் பேசிய இடத்தை மதுரை மக்கள் இன்றும் காந்தி பொட்டல் என்று வழங்குகின்றனர்.

உடையைச் சுருக்கியது எளிது. நாட்டுக்கு உடை நெய்வது அரிது. பேராயக் கட்சி உறுப்பினர் ஒவ்வொருவரும் திங்கள்தோறும் இரண்டாயிரம் கஜம் நூல் அளிக்க வேண்டும் என்னும் விதி 1924ஆம் ஆண்டு ஏற்கப்பட்டது. பலரால் இயலவில்லை, ஓராண்டுக்குள்ளேயே அது தளர்த்தப்பட்டது. 1925ஆம் ஆண்டு அகில இந்திய நூற்போர் சங்கம் தோன்றிற்று. அதே ஆண்டில் இராசாசி திருச்செங்கோட்டுக்கு அருகில் காந்தி ஆசிரமத்தை நிறுவினார். வறண்ட ஊர்களின் பெண்கள் அங்கே நூல் கொடுத்துக் கூலி பெற்றனர். கூலி சிறிதுதான், ஆனால் மழை பொய்த்த ஆண்டில் அச்சிறு கூலி கஞ்சியாயிற்று. அடிகள் புதுக்கோட்டைக்கு வந்தது இப்பணியை வளர்க்கவே. ஆண்டில் பல திங்கள் வேலையின்றி இருக்கும் உழவனுடைய வீட்டில் ஓர் இராட்டை சுழல வேண்டும் என்னும் அவருடைய கோரிக்கை, வானம் பார்த்த அந்நாட்டுக்கு எத்துணைப் பொருந்தும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

புதுக்கோட்டையிலிருந்து அவர் செட்டிநாட்டு ஊர்களுக்குச் சென்றார். அவ்வூர்களுள் சில இன்று புதுக்கோட்டை மாவட்டத்திலும், மற்றவை சிவகங்கை மாவட்டத்திலும் உள்ளன. கடல் கடந்து பொருளீட்டிய நகரத்தார் அரண்மனை போன்ற வீடுகளைக் கட்டியிருந்தனர். அவற்றினுள்ளே வெளிநாட்டுப் பொருள்கள் இடமில்லாதபடி அடுக்கப்பட்டிருந்தன. நகரத்தார் அவரை அன்போடு வரவேற்றனர். கதர் நிதிக்கும் வாரி வழங்கினர். விருந்தினர்க்குக் குறை கூறுதல் மரபன்று என்றாலும், அடிகள் தம் மனத்திற்பட்டதை மறைத்தாரல்லர். இத்தனைப் பொருள்களுக்கிடையே காற்றும் நுழைய இடமில்லை என்று நகைச்சுவையாகச் சுட்டினார். இவ்வீடுகளை அழகுபடுத்தும் பொறுப்பைத் தம்மிடம் ஒப்படைத்தால், பத்தில் ஒரு பங்குச் செலவில் நாட்டுப் பொருள்களைக் கொண்டே செய்து தருவதாகவும், நல்ல கலைஞர்கள் அதனைப் பாராட்டுவார்கள் என்றும் சொன்னார். கேட்டோர் நகைத்திருப்பர், சிலர் சிந்தித்தும் இருப்பர். அரைத்துண்டு உடுத்தவர் அரண்மனையில் நின்று இதனைச் சொன்னபோது, சொல்லைவிட அவருடைய துண்டே மிகுதியாகப் பேசியிருக்கும். வரவேற்பிதழ்களையும் பரிசாக வந்த பொருள்களையும் கூட்டத்திலேயே ஏலம் விட்டு நிதியில் சேர்த்தார். ஒன்றையும் தம்மோடு கொண்டு செல்லவில்லை.

இந்தியாவில் அந்நியத் துணி குறைந்ததால் இங்கிலாந்தின் லங்காசயர் ஆலைகளில் வேலையின்மை மிகுந்தது. 1931ஆம் ஆண்டு வட்டமேசை மாநாட்டுக்கு இலண்டன் சென்ற காந்தியடிகள், தம்மால் துன்புற்றதாகக் கருதக்கூடிய அத்தொழிலாளரையே தேடிச் சென்றார். செப்டம்பர் இறுதியில் டார்வென் பகுதியில் அவர்களைச் சந்தித்தார். அவர்களுடைய துயரத்துக்கு வருந்தினார். எனினும் இந்தியச் சிற்றூர்களின் பட்டினி அதனினும் கொடிது என்பதை மறைக்காமல் எடுத்துரைத்தார். வெறுப்போடு பார்த்திருக்க வேண்டிய ஆலைப் பெண்கள் அவரைச் சூழ்ந்து நின்று ஆரவாரம் செய்தனர். அந்தக் காட்சியின் நிழற்படம் இன்றும் உள்ளது. அவ்வாண்டு நவம்பரில் அதே துண்டும் போர்வையுமாகவே பக்கிங்காம் அரண்மனைக்குள்ளும் சென்றார். இலண்டனில் பத்துப் பவுன் உடை தைத்த இளைஞர் திரும்பி வந்த கோலம் இது.

அவருடைய வாழ்வில் பலரும் அதிகம் பேசாத ஒரு செய்தி 1935ஆம் ஆண்டைச் சேர்ந்தது. நூற்கும் பெண்கள் நாள் முழுதும் உழைத்தும் வயிறாரும் அளவு கூலி பெறவில்லை என்பதை அவர் கண்டார். கதர் மலிவாக விற்க வேண்டும் என்பதற்காகவே கூலி குறைவாக வைக்கப்பட்டிருந்தது. கூலியை உயர்த்தினால் துணியின் விலை ஏறும். விலை ஏறினால் வாங்குவோர் குறைவர். பல ஆண்டுப் பணி சரிந்துவிடும் என்று உடன் உழைத்தோர் எச்சரித்தனர். அவர்கள் கூறியதும் கணக்கின்படி சரியே. அடிகளோ, ஏழையின் பெயரால் விற்கும் துணி ஏழையின் பசியால் மலிவாதல் கூடாது என்று உறுதியாக நின்றார். நூற்போர் சங்கமும் கூலியை உயர்த்தத் தீர்மானித்தது. விலை ஏறிற்று. வாங்குவோர் அதனைத் தாங்க வேண்டும் என்றார்; நூற்போர் தங்கள் உடைக்குத் தாங்களே நூற்கட்டும் என்றும் வழி வகுத்தார்.

இவ்வழக்கு இன்னும் முடிந்தபாடில்லை. 2011ஆம் ஆண்டு, நொய்யல் ஆற்றைக் கெடுத்த சாயக்கழிவின் பொருட்டுத் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. 2013ஆம் ஆண்டு வங்காளதேசத்தில் ஆடைத் தொழிற்கூடங்கள் இருந்த ஒரு மாடிக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டனர். கடையில் சட்டையின் விலை குறைந்திருக்கும்போது, குறைந்த பகுதியை ஆறோ, தையற்காரப் பெண்ணோ செலுத்தியிருத்தல் கூடும்.

காந்தியடிகள் தம் கையால் நூற்பதை முதுமையிலும் விட்டாரல்லர். சிறையிலும், பயணத்திலும், கலவரம் கனன்ற ஊர்களிலும் இராட்டை அவருடன் சென்றது. வந்த கடித உறைகளைப் பிரித்து, அவற்றின் வெறும் பக்கத்தில் எழுதும் சிக்கனமும் அதனோடு சேர்ந்தே இருந்தது. 1947ஆம் ஆண்டு நவம்பரில் இங்கிலாந்து இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்கு என்ன பரிசளிப்பது என்ற பேச்சு எழுந்தது. அவரிடம் கொடுப்பதற்கு நூல் இருந்தது. தாமே நூற்ற நூலால் பின்னிய சிறு விரிப்பொன்றை அனுப்பி வைத்தார்.

அடுத்த ஆண்டு சனவரி 30ஆம் நாள் மாலை, தில்லியில் வழிபாட்டுக்கு நடந்து சென்றபோது அவர் சுடப்பட்டார். அன்றும் அவர் உடுத்தியிருந்தது கதர்தான். அவ்வாண்டு மார்ச்சுத் திங்களில் புதுக்கோட்டைத் தனியரசு இந்திய ஒன்றியத்தில் இணைந்தது. மதுரையில் இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனை காந்தி நினைவு அருங்காட்சியகம் ஆக்கப்பட்டு, 1959ஆம் ஆண்டு நேருவால் திறந்து வைக்கப்பட்டது. புதுக்கோட்டையிலிருந்து அங்குச் செல்ல அரைநாள் போதும். அங்கே ஒரு கண்ணாடிப் பேழையினுள், இறுதி நாளில் அவர் உடுத்தியிருந்த துணியின் ஒரு பகுதி குருதிக் கறையுடன் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் அரைத்துண்டுக்கு மாறிய மேலமாசி வீதியும் அதே ஊரில்தான் உள்ளது. அவ்வீடு இருந்த இடத்தில் இப்போது கதர் விற்கிறார்கள்.